பதறாமல் வரி கட்ட ஏழாவது வழி

வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வைத்த பெயர் வேறு. அது வரிப் படிவத்திலும் கடை உரிமத்திலும் மட்டும் இருக்கிறது. ஐந்து வயதில் யாரோ பென்சிலை எடுத்துவிட்டார்கள் என்று அவள் போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர் படியிறங்கி ஓடி வந்தாராம். அன்றைக்கு அண்ணன் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி படபடவென்று வெடிப்பாள், ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடுவாள் என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கம் வேறு சொல்லுவாள். இப்போது வயது நாற்பத்திரண்டு. விளக்கம் மட்டும் மாறவில்லை. தன் கோபத்தை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை என்பதுதான் கடுகுக்கு இருக்கிற பெரிய கோபம். அதையும் யாரும் மதிப்பதில்லை.

அவள் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. வருமான வரி அலுவலகத்துக்கு நேர் எதிரே, பத்தடிக்கு எட்டடி. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேட் மெஷின், பழைய கம்ப்யூட்டர் ஒன்று, உட்கார்ந்தால் முழங்கால் கல்லாப்பெட்டியில் இடிக்கிற ஒரு நாற்காலி. வருஷத்தில் பத்து மாசம் கடை தூங்கி வழியும். வரி தாக்கல் செய்கிற இரண்டு மாசம் மட்டும் மூச்சுவிட நேரமிருக்காது. சம்பளச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே சம்பளச் சான்றிதழைக் காணோம் என்று அழுகிறவர்கள், கியூவில் நின்றபடி புருஷனைத் திட்டுகிறவர்கள், அப்பா பேரையே தப்பாக எழுதிவிட்டு வெள்ளை மை கேட்கிறவர்கள் எல்லாரையும் அவள் பார்த்தாயிற்று. எல்லாரையும் ஒரு சத்தம் போட்டு வரிசையில் நிறுத்தி, காகிதத்தை அடுக்கிக் கொடுத்து அனுப்புவாள். ஊருக்கெல்லாம் அடுக்கிக் கொடுத்தவள், தன் காகிதத்தை மட்டும் தானே தொடுவதில்லை.

கடை வாசலில் ஒரு போர்டு தொங்கும். 'மருந்துக்கடை பில், பெட்ரோல் பில்லை லேமினேட் பண்ணச் சொல்லாதீர்கள். அது சூட்டில் எழுத்து வரும் காகிதம். மெஷினில் விட்டால் முழுக்கக் கறுத்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.' நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆள் பிடிவாதமாக லேமினேட் பண்ண வைத்து, கறுத்த பிறகு இவளிடமே நஷ்ட ஈடு கேட்டார். அந்த ஆள் போன கையோடு எழுதி மாட்டிய போர்டு. எழுத்தைப் பார்த்தாலே யாரோ கத்துகிற மாதிரி இருக்கும்.

அவள் சொல்வதை அவளே கடைப்பிடித்தாள். அப்பா போன பிறகு அம்மா அவளோடுதான் இருக்கிறாள், ஆறு வருஷமாக. சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, முழங்காலுக்கு என்று அம்மாவுக்கு மாத்திரை வாங்காத வாரம் கிடையாது. அந்த பில்கள் ஆறு மாசத்தில் வெளுத்துப் போகும். அதனால் சாயங்காலம் ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் அன்றன்றைக்கு வந்த பில்லைக் கண்ணாடியில் வைத்து ஒரு நகல் எடுத்து, ஓரத்தில் பேனாவால் ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் செருகுவாள். 'முழங்கால் ஊசி.' 'சர்க்கரை மாத்திரை, ரெண்டு மாசத்துக்கு.' இது எதற்கு உதவும் என்று அவள் யோசித்ததில்லை. தொழில் பழகிய கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

அசல் பில்கள் அண்ணனிடம் போகும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேனேஜர். நகரத்தின் அந்தக் கோடியில் சொந்த வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். கடை ஆரம்பித்த முதல் வருஷம் கடுகு தானாக வரி தாக்கல் செய்து, ஒரு கட்டத்தில் தப்பாக நிரப்பி, நோட்டீஸ் வந்து, இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். அப்போது அண்ணன் வந்து சரி செய்து கொடுத்தான். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை கடை வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடிப்பான். இவள் பழுப்புக் கவரை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அவன் கண்ணாடியை அரையடி இறக்கிக் கவரை வாங்கிக்கொள்வான்.

"நீ எதுக்கு டென்ஷன் எடுத்துக்கற? அண்ணன் எதுக்கு இருக்கேன்?" என்பான். கண்ணாடி ஏறிவிடும்.

அம்மா அதைக் கேட்டுவிட்டுப் பூரித்துப் போவாள். "பாத்தியா, உன் தலைவலியையும் சேத்து அவன் சுமக்கறான்" என்பாள்.

இந்த வருஷம் ஹாரன் சத்தம் வரவில்லை. அண்ணனுக்கு ஏதோ பயிற்சி வகுப்பு, வெளியூர், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். கடைசித் தேதி நெருங்கியது. அந்தச் சமயத்தில் பக்கத்துக் கட்டிட ஆடிட்டர் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து முந்நூறு பிரதி கேட்டார். 'பதறாமல் வரி கட்டப் பத்து வழிகள்.' சீக்கிரம் தொடங்குங்கள், எல்லாக் காகிதத்தையும் ஒரே உறையில் வையுங்கள், நடுநடுவே எழுந்து தண்ணீர் குடியுங்கள், மூச்சை நிதானமாக இழுத்து விடுங்கள் என்று போயிற்று. ஏழாவது வழி: 'உங்களால் முடியாது என்று தோன்றினால், நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.' முந்நூறு முறை கண் முன்னால் ஓடினால் யாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் ஆளில்லாத நேரம், தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள்.

ஒன்றும் பதற்றமாக இல்லை. கேட்டதை நிரப்பினாள், அடுத்ததுக்குப் போனாள். இதற்கா பத்து வருஷமாக ஒரு ஆளிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம் என்று சிரிப்புக்கூட வந்தது. 'உங்களைச் சார்ந்து வாழும் பெற்றோர் உண்டா?' என்று ஒரு கேள்வி. உண்டு என்றாள். பெற்றோரை வைத்துப் பார்க்கிறவருக்கு வரியில் கழிவு கிடைக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மா பேரையும் அடையாள எண்ணையும் போட்டாள். திரையில் சிவப்பாக ஒரு வரி எழுந்தது.

'இவர் ஏற்கெனவே வேறொருவரைச் சார்ந்தவராகப் பதிவு செய்யப்பட்டுள்ளார்.'

எண்ணைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி போட்டாள். மறுபடியும் அதே சிவப்பு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தெருவைக் கடந்து வரி அலுவலகத்துக்குள் போனாள்.

நாலாம் கவுன்டர் கிளார்க்குக்கு அவளை நன்றாகத் தெரியும். தினமும் கடைக்கு நகல் எடுக்க வருகிற பெண் அது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"யாரு பேர்ல இருக்குன்னு நான் சொல்லக் கூடாதுக்கா. ஆனா ஒண்ணு சொல்லலாம். அம்மா கையெழுத்து இல்லாம யாரும் அவங்களச் சேக்க முடியாது. வருஷா வருஷம் உங்கம்மாதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஆறு வருஷமா."

யாரென்று சொல்லித்தானா தெரிய வேண்டும்? அம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர்.

"நான்தான் அவங்கள வச்சுப் பாக்கறேன்" என்றாள் கடுகு. அவள் குரலுக்கு ஒன்றாம் கவுன்டர் வரை திரும்பிப் பார்த்தது.

"அப்ப எழுதிக் குடுங்க. ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் போகும். முந்தின வருஷ மருந்து பில்லும், நகலா இருந்தாலும் சரி, அம்மா புதுசாப் போட்ட கையெழுத்தும் யாரு கொண்டுவராங்களோ, அவங்க பேர்ல மாறிடும். இருபது நாள் டைம்."

எழுதிக் கொடுத்துவிட்டு, வாசல்படியில் நின்றே அண்ணனுக்குப் போன் போட்டாள். பத்து வருஷத்துக்கும் சேர்த்து வெடித்தாள். நான் வாங்கின மாத்திரைக்கு நீ கழிவு வாங்குவியா? என் கையாலயே பில்ல வாங்கிட்டுப் போய் என் தலையிலயே மொளகா அரைச்சியா? எத்தன தடவ 'டென்ஷன் வேணாம், டென்ஷன் வேணாம்'னு சொன்ன? வரி கட்ட வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அண்ணன் பொறுமையாகக் கேட்டான். அந்தப் பொறுமைதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"முடிச்சிட்டியா?" என்றான். "தண்ணி குடி. ஒரே குடும்பம்தானே, எந்தப் பக்கம் இருந்தா என்ன? உன் வருமானத்துக்கு அந்தக் கழிவால பெருசா ஒண்ணும் மிஞ்சாது. எனக்குன்னா உபயோகம். நாளைக்கே போய் வாபஸ் வாங்கிடு. பழைய பில் எல்லாம் என்கிட்டதான் இருக்கு, மறந்துடாத."

அவன் வைத்துவிட்டான். கடைக்கு வந்தவள் சுவரில் ஒட்டியிருந்த ஆடிட்டர் பிரசுரத்தில் ஏழாவது வழியைக் கறுப்பு மார்க்கரால் அழுத்தி அழுத்தி அடித்தாள். காகிதம் கிழிந்து சுவரில் கோடு விழுந்தது.

வீட்டுக்குப் போனபோது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் கண் ஆபரேஷன் ஆன பிறகு பொடி எழுத்தெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. கடுகு செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் நீட்டின பேப்பர்ல கையெழுத்துப் போட்டியாம்மா?"

அம்மா பேப்பரை மடித்தாள். தெரியாது என்று சொல்லியிருந்தால், ஏமாந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அம்மா பொய் சொல்லத் தெரியாதவள்.

"போட்டேன். அவனுக்கு ரெண்டு பசங்க, வீட்டுக் கடன். நீ ஒண்டி ஆளு."

"மாத்திரை யாரு வாங்கறா?"

"நீதான். நான் இல்லேன்னா சொன்னேன்? காகிதத்துல யாரு பேர் இருந்தா என்ன?"

"அப்ப என் பேர் இருந்தா என்ன?"

கடுகு கத்திய கத்தலில் சமையலறைத் தட்டு அதிர்ந்தது. யாரு உன்னைக் குளிப்பாட்டறா, ராவும் பகலும் யாரு கால் பிடிச்சு விடறா, மாசம் ஒரு தடவ பழப்பையோட வந்து அரைமணி நேரம் உக்காந்துட்டுப் போறவனா உன்னப் பாக்கறான்? அம்மா தலையைக் குனிந்துகொண்டு மழை நிற்கக் காத்திருக்கிறவள் மாதிரி காத்திருந்தாள். கடுகு மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தியதும் நிமிர்ந்தாள்.

"உண்மையச் சொல்லட்டுமாடி? நீ கோவப்பட்டா கத்துவ. கத்தினா தீந்துடும், நாளைக்குக் காலைல காப்பி போட்டுக் குடுப்ப. அவன் கோவப்பட்டா கத்த மாட்டான். வராம இருந்துடுவான். நான் என்ன பண்ணட்டும்?"

அம்மா கணக்கில் தப்பே இல்லை. விட்டுப் போகிறவனுக்குக் கையெழுத்து, போகவே மாட்டாதவளுக்கு வேலை. நாற்பது வருஷமாகக் கத்திக் கத்தித் தன் கோபத்தைத் தானே கரைத்துக் குடித்திருக்கிறோம், அவர்களுக்கு அது எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று என்று நினைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினாள்.

அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. மறுநாள் காப்பி போட்டாள், மாத்திரை கொடுத்தாள், கால் பிடித்துவிட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. வரி அலுவலகம் கொடுத்த படிவத்தை, அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மடிக்காமல், சாப்பாட்டு மேஜையில் பேனாவோடு வைத்தாள். போடு என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கடுகு கத்தட்டும் என்று பாலைப் பொங்க விட்டாள். கடுகு அடுப்பைத் துடைத்தாள். சாவியைத் தொலைத்துவிட்டேன் என்றாள் அம்மா. கடுகு வேறு சாவி செய்துகொண்டு வந்தாள். இன்றைக்கு மாத்திரை போட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். கடுகு மாத்திரையையும் தண்ணீரையும் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசாமல் பக்கத்தில் நின்றாள். அம்மா போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. கடுகு துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி அடித்தது. அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது முறை நீளமாக அடித்து ஓய்ந்தது. ஐந்து நிமிஷம் கழித்து, மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க அண்ணன் வந்து நின்றான். கையில் பழப்பை இல்லை. பழைய பழுப்புக் கவர் இருந்தது. முகத்தில் அவள் அதுவரை பார்க்காத வியர்வை.

"நீ பில்லுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கியாமே. அம்மா போன்ல சொன்னா" என்றான். "ஒரு செட் குடு. அவசரம்."

அதையும் அம்மாதான் சொல்லியிருக்கிறாள். கடுகு திரும்பிப் பார்த்தாள். அம்மா புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டாள்.

"அசல் உன்கிட்டதானே இருக்கு" என்றாள் கடுகு.

அவன் கவரைக் கவிழ்த்தான். பிளாஸ்டிக் தாள்கள் வழுக்கி விழுந்தன. ஒவ்வொரு தாளிலும் நாலைந்து நீளத் துண்டுகள், அத்தனையும் தார் பூசிய மாதிரி கறுப்பு. நோட்டீஸைப் பார்த்துப் பதறிப்போய், பில் ஒன்றுகூடக் கசங்கக் கூடாது என்று தன் ஆபீஸ் மெஷினில் நின்று தன் கையாலேயே எல்லாவற்றையும் லேமினேட் பண்ணியிருக்கிறான். முதல் தாள் கறுத்ததும் மெஷின்தான் கோளாறு என்று நினைத்து, இன்னும் சூடாக்கி அடுத்ததை விட்டிருக்கிறான்.

இரண்டு வாரத்தில் முதல் தடவையாகக் கடுகு சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது.

"என் கடை வாசல்ல போர்டு தொங்குது. நாலு வருஷமா. ஒரு தடவ காரை விட்டு எறங்கியிருந்தா படிச்சிருப்ப."

"இப்ப அதுவா முக்கியம்?" என்றவன் சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அம்மா முன்னால் விரித்தான். அவள் வைத்திருந்த படிவத்துக்குப் பக்கத்திலேயே, அவள் வைத்த பேனாவையே எடுத்து அம்மா கையில் கொடுத்தான். "நீ போடும்மா. பில்ல அவ குடுப்பா. கடுகு கோவம் எத்தன நாளைக்கு?"

அம்மா பேனாவைப் பிடித்தபடி கறுத்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இதுல என் கண் ஆபரேஷன் பில் எதுப்பா?"

அண்ணன் ஒன்றை எடுத்தான், வைத்தான், இன்னொன்றை எடுத்தான். "ஏதோ ஒண்ணு. எந்த மாசம் அது?"

கடுகு எழுந்துபோய்க் கோப்பை எடுத்து வந்து, தேடாமல் ஒரே புரட்டலில் அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள். நகலின் ஓரத்தில் அவள் கையெழுத்தில் குறிப்பு இருந்தது. 'வலது கண். ரெண்டு நாள் கடை லீவு. அண்ணனுக்கு மீட்டிங், வரல.'

அம்மா அதைப் படித்தாள். மகள் காசு கட்டிப் பார்வை வாங்கிக் கொடுத்த அந்தக் கண்ணாலேயே இரண்டு முறை படித்தாள். பிறகு மகனுடைய படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மகளுடைய படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

அண்ணன் கத்தவில்லை. கறுத்த தாள்களை அங்கேயே விட்டுவிட்டு வாசலுக்குப் போனான். "இனிமே அம்மாவ நீயே பாத்துக்கோ" என்றான். ஆறு வருஷமாக வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்க அவள் வாய் துடித்தது. கேட்கவில்லை. கீழே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருமுனையில் அது திரும்பும் வரை பார்த்தாள்.

அடுத்த நாள் கடுகு படிவத்தையும் கோப்பையும் நாலாம் கவுன்டரில் கொடுத்தாள். பத்து நிமிஷ வேலை. "டென்ஷன் இல்லாம முடிஞ்சுதுல்லக்கா?" என்றாள் கிளார்க். கடுகு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மாசத்தின் முதல் ஞாயிறு, அண்ணன் பழப்பையோடு வருகிற நாள், வந்தது. அண்ணன் வரவில்லை. அம்மா குளித்து, நல்ல புடவை கட்டி, மத்தியானம் வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கடுகு சாப்பாடு போட்டாள், தட்டைக் கழுவினாள், தரையைத் துடைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அதான் கையெழுத்துப் போட்டுட்டேனேடி. அவனையும் விட்டுட்டேன். இன்னும் என்ன? ஒரு தடவ கத்திடு, தாயே. கத்தித் தீத்துடு."

கடுகு இரண்டு மணி மாத்திரையின் உறையைக் கிழித்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

"கத்தினா தீந்துடும்மா" என்றாள். "இது தீர வேணாம்."